நாற்பது வருடப் பதிவேடு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் போட்ட வீடுகள் நிறைய. உடையாமல் கூரையில் கிடக்கிற ஷீட்டால் பெரிய தொல்லை இல்லை, வெயிலில் நாம் வேகுவதைத் தவிர. அறுக்கும்போதும் துளை போடும்போதும் பறக்கிற தூசிதான் ஆபத்து. ஷீட் ஆலைத் தொழிலாளி அதை வருடக்கணக்கில் சுவாசிக்கிறார். நுரையீரல் புற்றுநோய் தலைகாட்ட 20, 30 வருடம்கூட ஆகலாம். அதற்குள் ஆலையே இருக்குமோ, இருக்காதோ!

கல்நார்த் தொழிலாளர்களுக்காக அகமதாபாத் நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம் அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் வைத்திருக்க வேண்டும். நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு. இன்றைய ஆஸ்பத்திரிச் செலவுக்கு அது எம்மாத்திரம்?

இழப்பீடு கேட்டால், "நீ பீடி குடிச்சவன்தானே" என்று நிர்வாகத்தினர் தட்டிக்கழிப்பார்கள். புகையும் கல்நாரும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு என்கிறது மருத்துவம். பீடியைக் காட்டிக் கல்நார் தப்பித்துவிட முடியாது.

நம்மூரில் பக்கத்திலேயே இருப்பது பஞ்சுத் தூசி. நூற்பாலைக்குப் போகிறவருக்கு, லீவு முடிந்து திரும்புகிற நாளில் நெஞ்சு இறுகினால் பிஸினோசிஸ் என்ற பஞ்சுத் தூசி நோயாக இருக்கலாம். கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோய், பிஸினோசிஸ் இரண்டுமே இழப்பீடு தரவேண்டிய தொழில்நோய்களின் சட்டப் பட்டியலில் உண்டு. இ.எஸ்.ஐ. உள்ளவர் அங்கேயே கேட்கலாம். எந்த ஆலை, எந்தப் பிரிவு, எத்தனை வருடம் என்பதை டாக்டரிடம் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டையும் பி.எஃப். தாளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.