கச்சானும் பூஞ்சண நஞ்சும்

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பண்ணைகளிலே வான்கோழிக் குஞ்சுகள் திரள் திரளாக மடியலாயின. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவை மாண்டன. காரணம் புலப்படாமையால் அதனை 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றழைத்தார்கள். தொற்றுக் கிருமியைத் தேடியோர்க்கு அஃது அகப்படவில்லை. குற்றவாளி தீவனத்திலேயே இருந்தது. பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கிலே பூஞ்சணம் படர்ந்து நஞ்சை விளைத்திருந்தது. அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் அப்பூஞ்சணத்தின் பெயரைச் சுருக்கி, நஞ்சுக்கு அஃப்லாடொக்சின் என்று பெயர் சூட்டினர்.

இலங்கைத் தமிழர் கச்சான் என்று வழங்குவதும் இந்நிலக்கடலையையே. திருவிழாக் கடையிலே சுடச்சுட வறுத்துக் கடதாசிச் சுருளில் தரும்போது, நெருப்புப் பட்ட பண்டத்தில் நஞ்சேது என்று நேயர்கள் எண்ணக்கூடும். வறுத்தால் பூஞ்சணம் மாளும். நஞ்சோ ஓரளவு குறையுமேயன்றி முற்றாக அழியாது.

இந்நஞ்சு கடையிலே மட்டும் தோன்றுவதன்று. காய் முற்றும் காலத்தில் வறட்சி வாட்டினாலோ, பூச்சி துளைத்தாலோ, மண்ணுக்குள்ளேயே பூஞ்சணம் புகுந்துவிடும். பிடுங்கிய பின் நன்கு உலராத கச்சானைச் சாக்கிலே கட்டி ஈரத்தரையில் அடுக்கினால், வெப்பமும் ஈரமும் சேர்ந்து எஞ்சியதை முடித்துவைக்கும். இதிலொரு வஞ்சகமும் உண்டு: நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. பல்லாயிரம் நல்ல பருப்புகளுக்கிடையே ஒரு சிலவே அதைப் பெருமளவில் சுமந்திருக்கும். ஆதலால் மேலே ஒரு பிடி அள்ளிப் பார்த்து மூட்டைக்கு நற்சான்று கூறுதல் வீண்.

கென்யாவில் 2004ஆம் ஆண்டு நஞ்சேறிய சோளத்தை உண்டு 125 பேர் உயிரிழந்தனர். ஆயினும் இந்நஞ்சு இவ்வாறு ஆரவாரத்துடன் வருவது அரிது. சிறுகச் சிறுக உட்சென்று, ஆண்டுகள் கழிந்தபின் ஈரலிலே புற்றுநோயை உண்டாக்குவதே அதன் இயல்பு. ஈரலழற்சி பீ வைரசு உடையோர்க்கு ஆபத்து பன்மடங்காகும். ஐரோப்பிய ஒன்றியம் நேரே உண்ணும் நிலக்கடலையில் கிலோவுக்கு 4 மைக்கிரோகிராமுக்கு மேல் இந்நஞ்சை அனுமதிப்பதில்லை.

சுருங்கியவை, நிறம் மாறியவை, பூச்சி அரித்தவை, கசப்பவை ஆகியவற்றைப் பொறுக்கி நீக்கினால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கும். ஆனால் நீக்கியதை மாட்டுக்கோ கோழிக்கோ வைப்பதுதான் பல வீடுகளின் வழக்கம். அது தகாது. பசு உண்ட நஞ்சின் ஒரு கூறு, உருமாறிப் பாலிலே வந்து சேர்கிறது.