எல் வடிவ அறையும் எதிர் வீட்டுக் கதவும்

(நம் குடியிருப்பு வாசகர் வட்டத்தின் இந்தக் காலாண்டுக் கூட்டத்தில், கர்ப்ப காலத்தில் மலரும் காதலைச் சொல்லும் ஒரு நாவலைப் பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு ஒரு புத்தகத்துக்காக இத்தனை பேர் வந்திருப்பது சந்தோஷமாக இருக்கிறது.

இந்த முறை ஒரு காதல் கதையைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். நான் எடுத்துக்கொண்டது 1960-ல் லண்டனில் வெளிவந்த 'தி எல்-ஷேப்ட் ரூம்' என்ற நாவல். எழுதியவர் லின் ரீட் பேங்க்ஸ். 1929-ல் பிறந்து 2024-ல் காலமானவர். நடிப்புப் பயிற்சி பெற்றவர். பிறகு பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் முதல் பெண் செய்தியாளர்களில் ஒருவராக இருந்தார். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இவரை வேறு விதமாகத் தெரிந்திருக்கலாம். அலமாரிக்குள் வைத்த பொம்மை உயிர்பெறும் 'தி இண்டியன் இன் தி கப்போர்ட்' கதையும் இவருடையதுதான். 'தி எல்-ஷேப்ட் ரூம்' இவருடைய முதல் நாவல். 1962-ல் அது படமாகவும் வந்தது. கதாநாயகியாக நடித்த லெஸ்லி காரனின் பெயர் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜேன் கிரஹாமுக்கு 27 வயது. கல்யாணம் ஆகவில்லை, வயிற்றில் குழந்தை. அந்தக் குழந்தையின் அப்பாவோடு வாழ அவளுக்கு விருப்பம் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அவளுடைய அப்பா வீட்டை விட்டு வெளியே போகச் சொல்கிறார். அவள் ஃபுல்ஹாம் பகுதியில் ஒரு பழைய வாடகைக் கட்டடத்தின் உச்சி மாடியில் ஓர் அறை எடுக்கிறாள். பெரிய அறை ஒன்றைத் தடுப்பு வைத்துப் பிரித்ததால் மிஞ்சிய, எல் வடிவ இடம் அது. ஏறினால் மூச்சு வாங்கும். மூட்டைப்பூச்சி வேறு. நல்ல அறை தேடாமல் வேண்டுமென்றே அதை எடுக்கிறாள். தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் தண்டனை அது.

யாருடனும் பேசுவதில்லை என்ற முடிவோடுதான் குடி வருகிறாள். ஆனால் ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தும் வீடுகளில் அது நடக்கிற காரியமா? நமக்குத் தெரியாததா! மெல்லிய தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜான் என்ற கறுப்பின இசைக்கலைஞர். கீழே மேவிஸ் என்ற வயதான, தனியாக வாழும் அம்மா. அடித்தளத்தில் பாலியல் தொழில் செய்யும் இரண்டு பெண்கள், அதில் ஒருத்தியின் பெயரும் ஜேன். இவர்களை எல்லாம் வைத்து வாடகை வசூலிக்கும் டோரிஸ். அப்புறம் டோபி, எழுத்தாளன் ஆக முயன்றுகொண்டிருக்கும் யூத இளைஞன். இந்த டோபிக்கும் ஜேனுக்கும் நடுவில்தான் காதல் வருகிறது. அவள் கர்ப்பம் என்பது அவனுக்குத் தெரியாது.

இந்த நாவலில் எனக்குப் பிடித்த மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, எதிர்பாராத காதல் என்பது இங்கே டோபியோடு மட்டும் நின்றுவிடவில்லை. ஜேனுக்கு முதலில் பிடித்துப் போவது அந்த அறைதான். தண்டனைக்காக எடுத்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தம் செய்கிறாள், வீடாக மாற்றுகிறாள். பிறகு அக்கம்பக்கத்து மனிதர்களைப் பிடித்துப் போகிறது. குழந்தையை இழந்துவிடுவோமோ என்று பயப்படும் ஒரு கட்டமும் வருகிறது. அந்த பயத்தில்தான், இந்தக் குழந்தை எனக்கு வேண்டும் என்பது அவளுக்கே தெரிகிறது. தாய்ப்பாசம் முதல் நாளே பொங்கி வழியும் என்று கதைகள் சொல்லும். பேங்க்ஸ் அப்படி எழுதவில்லை. பயம், கோபம், வாந்தி, பணக்கவலை எல்லாவற்றுக்கும் நடுவில் அது மெதுவாக வருகிறது. பிள்ளை பெற்றவர்களுக்கு இது உண்மை என்று தெரியும்.

இரண்டாவது, டோபி. அவள் வாயால் சொல்வதற்கு முன்பே வேறு வழியில் அவனுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. அவன் தாங்க முடியாமல் விலகிப் போகிறான். அவனை வில்லன் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அவள் மறைத்திருக்கிறாள். ஏன் மறைத்தாள் என்று கேட்டால், பெற்ற அப்பாவிடம் உண்மையைச் சொன்னதற்கு என்ன கிடைத்தது என்று பார்த்தவள் அவள். உண்மை சொன்னால் வீடு போகும் என்று கற்றுக்கொண்ட ஒருத்தி, அடுத்த முறை வாய் திறக்க யோசிப்பாள். காதலர்களுக்கு நடுவில் வந்த பொய்யை அந்த அப்பாதான் விதைத்தார் என்பது என் வாசிப்பு.

மூன்றாவது, உதவி. ஜேனுக்குக் கை கொடுப்பது கௌரவமான வீடுகள் இல்லை. தோல் நிறத்தால், மதத்தால், தொழிலால், தனிமையால் ஊர் ஒதுக்கி வைத்த ஆட்கள்தான். சொந்தத்திலும் ஒருவர் துணை நிற்கிறார், பாட்டி முறை வரும் ஆடி என்ற பெண்மணி. அவர் பேசும் பேச்சு எனக்கு நம்மூர் அத்தைப் பாட்டிகளை நினைவூட்டியது.

குறையும் உண்டு. ஜானைப் பற்றியும் யூதர்களைப் பற்றியும் ஜேன் சொல்லும் சில வர்ணனைகள் இன்று படித்தால் முகம் சுளிக்க வைக்கும். அந்தக் காலத்து லண்டனின் மனசு அப்படியே பதிவாகியிருக்கிறது. ஊர் தன்னை ஒதுக்கியது என்று அழுகிறவளே அடுத்தவரை ஒதுக்கும் வார்த்தைகளைச் சொல்கிறாள். அதையும் கவனித்தே படியுங்கள்.

அந்தக் காலத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய சட்டம் 1967-ல்தான் வந்தது. திருமணமாகாத தாய்மார்களைத் தனி விடுதிகளுக்கு அனுப்பி, பிறந்த குழந்தையைத் தத்து கொடுக்க வைப்பது வழக்கமாக இருந்தது. 1949 முதல் 1976 வரை இப்படிச் சுமார் 1,85,000 குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டதாக பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மனித உரிமைக் குழு 2022-ல் அறிக்கை தந்தது. அப்படிப்பட்ட நாட்டில், அந்தக் காலத்தின் நடுவில், குழந்தையைத் தானே வளர்ப்பேன் என்று ஒரு கதாநாயகி முடிவெடுக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் கல்யாணத்தை வைத்து ஊர் வாயை மூடும் வழியை ஆசிரியர் எடுக்கவில்லை. முடிவை நான் சொல்லப் போவதில்லை. மகனோடு அவள் வாழ்க்கையைத் தொடரும் இரண்டு நாவல்கள் 1970-லும் 1974-லும் வந்தன என்பது மட்டும் சொல்கிறேன்.

சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நம் நாட்டில் சட்டம் எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. திருமணமாகாத தாய், குழந்தையின் அப்பா பெயரை வெளியிடாமலே தனியாகக் காப்பாளர் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொன்னது. கருக்கலைப்பு விஷயத்தில் கல்யாணமானவர், ஆகாதவர் என்று பாகுபாடு கூடாது என்று 2022-ல் சொன்னது. மகப்பேறு விடுப்பு 2017-ல் 26 வாரமானது. அந்தச் சட்டம் பெண் என்றுதான் சொல்கிறது, மனைவி என்று சொல்லவில்லை.

ஆனால் சட்டம் லிஃப்ட்டுக்குள் வராது. வாட்ஸ்அப் குரூப்புக்குள் வராது. தனியாக ஒரு பெண் வாடகைக்கு வீடு பார்க்க வந்தால், வாடகை கட்ட முடியுமா என்பதற்கு முன்னால் "ஹஸ்பண்ட் என்னம்மா பண்றார்?" என்று கேட்கிறோம். வீட்டுக்கு வந்து போகிறவர்களை கேட்டில் பதிவு செய்வது பாதுகாப்புக்கு. அந்தப் பதிவை வைத்து ஒருத்தியின் வாழ்க்கையைக் கணக்குப் போடுவது பாதுகாப்பு ஆகாது. கணவரைப் பிரிந்தவர், கணவரை இழந்தவர், கணவர் வெளிநாட்டில் இருப்பவர், கல்யாணமே வேண்டாம் என்றவர் எல்லோரும் கர்ப்ப காலத்தில் ஒரே மாதிரிதான் படியேறுகிறார்கள். ஒரே மாதிரிதான் இடுப்பு வலிக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தால் முதலில் தட்டுவது எதிர் வீட்டுக் கதவைத்தான்.

அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அசோசியேஷன் விதியில் எதையும் மாற்றச் சொல்லவும் இல்லை. புதிதாக ஒருவர் குடி வந்தால், முதல் கேள்வி "சாப்பிட்டீங்களா, தண்ணி கனெக்‌ஷன் சரியா இருக்கா?" என்று இருக்கட்டும். அவர்களாகச் சொல்லும் வரை மற்றதைக் கேட்காமல் இருப்போம். சொன்னால் அதை அடுத்த பிளாக்குக்குக் கொண்டுபோகாமல் இருப்போம். டோபிக்கு விஷயம் போய்ச் சேர்ந்த விதத்தைப் படித்தவர்களுக்கு நான் ஏன் இதைச் சொல்கிறேன் என்று புரியும்.

இன்னொன்று, பெண்ணைப் பெற்ற நமக்கு. நம் பிள்ளைகள் கஷ்டமான ஒரு விஷயத்தைச் சொல்ல வரும்போது முதல் ஐந்து நிமிடம் நாம் என்ன பேசுகிறோம் என்பதுதான் அவர்கள் அடுத்து எங்கே போவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. ஜேனின் அப்பா கெட்டவர் இல்லை. அந்த ஐந்து நிமிடத்தைக் கோட்டை விட்டவர், அவ்வளவுதான்.

ஆங்கிலம் எளிமையானதுதான், அகராதி அதிகம் தேவைப்படாது. நூலக அலமாரியில் என் பிரதியை வைத்துவிடுகிறேன். எடுப்பவர்கள் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு, மூன்று வாரத்தில் திருப்பித் தந்தால் அடுத்தவருக்கு உதவும். இப்போது டீ வந்துவிட்டது. டோபி செய்தது சரியா, தப்பா என்று டீயோடு சண்டை போடலாம்.