காலண்டரில் சிவப்பு வட்டங்கள்

இந்த நேரத்தில் உங்கள் வீட்டில் யாராவது சன்னலைச் சாத்திவிட்டு, கண்மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு படுத்திருந்தால், வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

என் அத்தை வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறது. கூடத்துச் சுவரில் மாதக் காலண்டர். தலைவலி வந்த நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைப்பார். ஒரு மாதம் எண்ணிப் பார்த்தேன், 18 வட்டங்கள். கடற்கரைச் சாலையின் வெள்ளைச் சுவர்களில் பட்டுத் தெறிக்கும் பத்து மணி வெயில், பெரிய மார்க்கெட்டில் மல்லிகையும் மீனும் கலந்து வரும் வாடை, ஒருவேளைச் சாப்பாடு தள்ளிப்போவது, இவற்றில் ஒன்று போதும். இடது பொட்டில் தொடங்கிவிடும். சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டுத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வார். உறவில் ஒருவர், வேலைக்குப் பயந்து சொல்லும் சாக்கு என்று அவர் காதுபடவே சொன்னார். அதற்குப் பிறகு வலி வந்தால் அத்தை யாரிடமும் சொல்வதில்லை. வட்டம் மட்டும் போடுவார்.

நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம். நம் ஊர்ப் பிரெஞ்சுக் குடும்பங்களில் 'மிக்ரேன்' என்பார்கள். பாதி மண்டை என்று பொருள்படும் கிரேக்கச் சொல் தேய்ந்து பிரெஞ்சில் அப்படி ஆனது. மூன்று மாதங்களுக்கு மேலாக, மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலை வலித்து, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணத்தோடு இருந்தால், அது நாள்பட்டது என்பது மருத்துவக் கணக்கு. அத்தையின் வட்டங்கள் அந்தக் கணக்கில்தான் வந்தன.

இந்த வலி சாக்கு இல்லை என்பதற்கு இன்று படச் சான்று இருக்கிறது. எம்.ஆர்.ஐ. கருவியில் ஒன்றும் செய்யாமல் படுத்திருப்பவரின் மூளையிலும் ஓயாத அசைவு உண்டு. இடக்கையை ஆட்டும் பகுதியும் வலக்கையை ஆட்டும் பகுதியும் அப்போதும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று 1995-ல் காட்டியவர், அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் ஆய்வு மாணவராக இருந்த பரத் பிஸ்வால். வைத்திக்குப்பம் கடலில் தள்ளித்தள்ளி நிற்கும் இரண்டு படகுகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால், தண்ணீருக்கடியில் ஏதோ ஒரு கயிறு இரண்டையும் கட்டியிருக்கிறது என்றுதானே நினைப்போம்? அந்தக் கயிற்றைத்தான் மூளை இணைப்பு என்கிறார்கள்.

நடுமூளையில் நீரோடும் சின்ன வாய்க்கால் ஒன்று உண்டு. அதைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் திசு, உடம்பின் வலிக்கு பிரேக் போடும் இடங்களில் முக்கியமானது. அந்த பிரேக்கை எப்போது பிடிக்க வேண்டும் என்று மேலிருந்து சொல்வதில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிகளுக்குப் பங்கு உண்டு. 2016-ல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே கயிறு தளர்ந்திருந்தது. தளர்வு கூடக்கூட வலியின் கடுமையும் கூடியிருந்தது. அக்குபங்சர் ஊசி சிகிச்சைக்குப் பிறகு படம் எடுத்தபோது கயிறு முறுக்கேறியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று முதலில் நினைவுக்கு வந்தவர், சாக்கு என்று சொன்ன அந்த உறவினர்தான்.

அக்குபங்சர் நமக்கு அந்நியமில்லை. 1938-ல் டாக்டர் கோட்னிஸோடு சீனா போன இந்திய மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர் பாசு, பின்னாளில் அங்கே இதைக் கற்றுக்கொண்டு வந்து கல்கத்தாவில் தொடங்கினார். ஊசி தலைமுடியைவிடத் தடிமன்தான், ஆனாலும் கால் மில்லிமீட்டர் அளவே. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை மேடிட்டிருக்கிறதே, அங்கே ஒன்று வைப்பது வழக்கம். குத்திய வலி அவ்வளவாகத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் கனத்து, மதமதவென்று ஆகும்.

ஊசிக்குத் தலைவலி கேட்குமா? தைவானில் நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 66 பேரைப் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மிதமான அல்லது கடுமையான தலைவலி நாட்கள் மாதத்துக்கு 20-லிருந்து ஏறக்குறைய 10 ஆயின. டோபிராமேட் என்ற தடுப்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 12. பக்கவிளைவு மாத்திரைக்காரர்களுக்கே அதிகம். சின்ன ஆய்வுதான். விட்டுவிட்டு வரும் ஒற்றைத் தலைவலிக்குப் பெரிய தொகுப்பு இருக்கிறது: 22 ஆய்வுகள், ஏறத்தாழ 5000 பேர். அதில் உண்மை ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 50 பேருக்கு வலி வரும் நாட்கள் பாதியாகக் குறைந்தன. சிகிச்சை என்ற பெயரில் போலியாக ஊசி போட்டுக்கொண்டவர்களில் 41 பேருக்கு.

இந்த 41-ஐ வைத்து எல்லாம் மனப்பிரமை என்று தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. போலி ஊசியால் குறைந்தது போலி வலி இல்லையே. வலி தணியும் என்ற எதிர்பார்ப்பும் அதே நடுமூளை பிரேக்கைத் தொடுகிறது என்பதற்கு வேறு ஆய்வுகள் இருக்கின்றன. அரைமணி நேரம் அசையாமல் படுத்திருப்பதும், ஒருவர் பக்கத்தில் நின்று பொறுமையாகக் கேட்பதும் சிகிச்சையின் பகுதியாக இருக்கலாம். அதே சமயம், இன்ன புள்ளியில் குத்தினால்தான் கேட்கும் என்று அடித்துச் சொல்கிறவரை நம்பிப் பணத்தைக் கொட்டவும் சொல்ல மாட்டேன். எண்கள் அவ்வளவு இடம் தரவில்லை.

ஊசிக்குப் போகுமுன் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இடி இறங்கியதுபோல் திடீரென்று வரும் தலைவலி, கைகால் விழுந்துபோவது, பேச்சுக் குழறுவது இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை ஊசி போடுகிறவரிடம் சொல்லிவிடுங்கள். ஊசி உறையை உங்கள் கண்முன்னே பிரிக்கட்டும். இன்னொன்று: மாதாமாதம் 15 நாள் சாதாரண வலி மாத்திரை விழுங்கிக்கொண்டே இருந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடக்கூடும். அத்தைக்கு அதுவும் நடந்திருந்தது.

இப்போது அவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த தடுப்பு மாத்திரை தினமும் இரவில். வாரம் ஒருநாள் ஊசி. இரண்டில் எது கேட்டது என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. போன மாதக் காலண்டரில் 9 வட்டங்கள். சுக்கு இழைக்கும் கல் இன்னும் அடுப்படி மாடத்தில்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. வலி வந்தால், வீட்டில் யார் இருந்தாலும், வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அத்தை அறைக்குள் போகிறார்.