அடையாற்றுக்குத் தலைமாடு



உங்கள் புள்ளலூருக்கு வருகிற பிரசங்கிகள் யுத்தத்தைப் பற்றிப் பேசுவதே வழக்கம். மகேந்திரவர்மனும் சளுக்கிய மன்னன் புலிகேசியும் ஏழாம் நூற்றாண்டில் மோதிய களம் இது. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையைச் சிதறடித்த திப்பு சுல்தான், ஸ்ரீரங்கப்பட்டணத்து மாளிகைச் சுவரில் சித்திரமாகத் தீட்டிவைத்துக் கொண்டாடிய களமும் இதுவே. வாள் பிடித்தவர்கள் வந்தார்கள், போனார்கள். மண்வெட்டி பிடித்தவர்கள் அவர்களுக்கு முன்னும் பின்னும் இங்கேயே இருந்தார்கள். அவர்கள் வெட்டிய கால்வாய்களைப் பற்றியும், அவற்றை மறந்துவிட்டு அடையாற்றைச் சீர்திருத்தப் புறப்பட்டிருக்கும் சென்னைப் பட்டணத்தைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

பட்டணத்து ஆற்றுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பாலாற்று நீரை ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு கிழக்கே போகிற கம்பன் கால்வாய், இவ்வட்டாரத்து வயல்களின் ஊடே சென்று ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் சேர்கிறது. அவ்வேரியின் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கமும் நிரம்பினால் அடையாற்றுக்குப் போகிறது. நம் ஏரிகளின் கலங்கலைப் பாருங்கள்: சுவரின் தலையில் வரிசையாக நட்ட குத்துக்கற்கள், அவற்றின் இடையே மண்ணும் தழையும் அடைத்து நீரை முழங்கால் அளவு உயர்த்திக்கொள்ளவும், வெள்ளம் கண்டால் அடைப்பைப் பிரித்து அடுத்த ஊருக்கு விட்டுவிடவும் செய்த ஏற்பாடு. தனக்கு எவ்வளவு, அண்டை ஊருக்கு எவ்வளவு என்ற நியாயத்தைக் கல்லிலே கட்டிவைத்த சிற்பசாஸ்திரம் இது. இதைக் கட்டிடக்கலை என்று எந்தக் கல்லூரியும் கற்பிப்பதாகத் தெரியவில்லை!

2015 டிசம்பர் முதல் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டபோது, பட்டணத்தார் அந்த ஓர் ஏரியின் மதகையே குற்றவாளியாக்கினார்கள். ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் பெருக்கும் அதே ஆற்றில் வந்து விழுந்ததையும், வெள்ளம் விரிந்து படுக்க வேண்டிய படுகையெல்லாம் குடியிருப்பும் சாலையுமாகிவிட்டதையும் அவர்களில் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

பட்டணம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கட்டிட இடிபாடும் குப்பையும் மூடிக் கிடந்த அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரை மீட்டு, அலையாத்திச் செடிகளை நட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். அது மெச்சத்தக்க காரியம். சிங்கப்பூரிலோ இன்னும் ஒரு படி மேலே போய், கல்லாங் நதியை அடைத்திருந்த சிமெண்டுக் கால்வாயை பிஷான் பூங்காவில் உடைத்தெறிந்து, மழைக்காலத்தில் நதி பூங்காவுக்குள்ளேயே அகலமாக விரியும்படி 2012இல் அமைத்து முடித்தார்கள். ஆமதாபாத்தில் சபர்மதிக்கு எழுப்பிய நெடுஞ்சுவர்களைவிட அதுவே என் மனத்துக்கு உகந்தது. ஆற்றுக்கு இடம் விடுவதே முதல் நிர்மாணம். ஆனால் தலைமாட்டில் ஏரியைத் தூர்த்துவிட்டுக் கால்மாட்டில் பூங்கா வளர்த்தால், வெள்ளக் காலத்தில் பூங்காவும் முழுகும், கோடையில் ஆற்றில் சாக்கடையே ஓடும்.

1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதி 2022இல் 5,904 ஆக விரிந்து, இம்மாவட்டத்து ஊர்கள் பலவற்றைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத்தின் எல்லைக்குள்ளே கம்பன் கால்வாயும் வருகிறது. விமானம் வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. விமான நிலைய எல்லைக்குள் வரும் ஏகனாபுரத்து மக்கள் தங்கள் அபிப்பிராயத்தைக் கிராம சபைத் தீர்மானங்களாகவே சொல்லிவிட்டார்கள். ஓடுபாதை எங்கே என்று கோடு கிழிப்பவர், அந்தக் கோட்டினால் எந்தக் கலங்கலுக்கு நீர் வராமற் போகும் என்பதையும் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே என் வாதம்.

கணக்குக் கேட்பது இந்தச் சீமைக்குப் புதிதன்று. 919, 921ஆம் ஆண்டுகளில் பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்கள், ஏரி வாரியத்துக்குக் குடவோலையால் ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்து, முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் தகுதியற்றவர் என்று விலக்கின. இன்று அவ்விதியை அமல்படுத்தினால் வேட்பாளர் பஞ்சம் வந்துவிடும், அது இருக்கட்டும்.

உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. வருகிற கிராம சபையில், உங்கள் ஏரியின் வரத்துக் கால்வாய், கலங்கல், போக்குக் கால்வாய் ஒவ்வொன்றையும் சர்வே எண்ணோடு எழுதித் தீர்மானம் போடுங்கள். பெருநகரத் திட்ட வரைபடத்தில் அவற்றைக் குறிக்கும்வரை அத்தீர்மானத்தை ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள்.