மெஷின் வந்தது, யாருக்கு வேலை குறைந்தது?

(கொல்லிமலையில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி எங்கள் ஊருக்கு வந்திருக்கிறீர்கள். பாதிப் பேருக்குத் தலைசுற்றல் இன்னும் தெளியவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் அதிக நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'புதிய தொழில்நுட்பமும் சமுதாயமும்'. இது பெரியவர்கள் பேச வேண்டிய தலைப்பு. நான் கோவையில் பம்பு செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் மெக்கானிகல்காரன். ஆகவே தலைப்பைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்கிறேன். புதிதாக ஒரு சாதனம் வந்தால் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் நம் ஜனங்கள் என்ன புலம்புகிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நீங்களும் கேட்டிருப்பீர்கள். "செல்லு வந்துச்சு, வீட்ல பேச்சு நின்னு போச்சு." "கம்ப்யூட்டர்ல பேரு இல்லேன்னா ஆளே இல்லேங்கறாங்கப்பா." "ரோடு வந்துச்சு, சாமை போச்சு." இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "எல்லாத்தையும் ஏஐயே செஞ்சிடுமாமே, அப்புறம் நீங்க எதுக்குப் படிக்கறீங்க?"

இதைக் கேட்டால் படித்தவர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறோம். ஒன்று, 'இவங்களுக்கு ஒன்னும் தெரியாது' என்று சிரித்துவிட்டுப் போவது. மற்றொன்று, 'ஆமாம், அந்தக் காலம்தான் பொற்காலம்' என்று உருகுவது. அப்படி உருகுவதையும் செல்போனில்தான் டைப் செய்து நாலு குரூப்புக்கு அனுப்புகிறோம்! இரண்டுமே சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. புலம்பலை முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்க்க வேண்டும். பதரும் இருக்கும், மணியும் இருக்கும்.

எங்கள் மலையையே எடுத்துக்கொள்வோம். "ரோடு வந்துச்சு, சாமை போச்சு" என்று பெரியவர்கள் சொல்வது முழுப் பொய்யல்ல. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று சிறுதானியம் விளைந்த மலை இது. லாரி ஏறி வரத் தொடங்கியதும் மரவள்ளி பரவியது. எங்கள் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கு. கீழே ராசிபுரம், ஆத்தூர், சேலம் பக்கம் சேகோ ஃபேக்டரிகள். 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு உருவானது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஜவ்வரிசியில் இந்த மலைச் சரிவின் கிழங்கும் கலந்திருக்கிறது.

பணம் வந்தது உண்மை. நான் கல்லூரிக்குக் கட்டிய முதல் ஃபீஸ் கிழங்கு விற்ற காசுதான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். சாமையை உமியோடு வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. விலை பிடிக்கவில்லையென்றால் வீட்டில் வைத்துச் சாப்பிடலாம். கிழங்கைப் பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். வந்த விலைக்குத் தள்ளியாக வேண்டும். விலையும் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான். அந்தப் பாயிண்ட் பார்க்கும் கருவி விவசாயி கையில் கிடையாது, வாங்குகிறவர் கையில் இருக்கிறது. பெரியவர்கள் புலம்புவதில் உள்ள மணி இதுதான். அவர்கள் ரோட்டைத் திட்டவில்லை. பேரம் பேசும் பலம் மலையிலிருந்து கீழே இறங்கிப் போய்விட்டது என்கிறார்கள். ரோடே வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நோயாளியைத் தூளியில் கட்டி மூங்கிலில் தொங்கவிட்டுப் புளியஞ்சோலைப் பக்கம் தூக்கிக்கொண்டு இறங்கிய கதை எங்கள் வீட்டிலேயே உண்டு.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. "சாமை போச்சு" என்று வருத்தப்படுவது பெரும்பாலும் ஆண்கள். ஒருமுறை எங்கள் பெரியம்மாவிடம் கேட்டேன். "சாமைச் சோறு நல்லதுன்னு சொல்றவங்க யாரும் உலக்கை புடிச்சதில்ல சாமி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாமை மணி மிகச் சிறியது, உமியோ இறுகப் பிடித்திருக்கும். உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுக்கு அரிசி எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். காடு கொத்திவிட்டு வந்த பிறகு இந்த வேலை. இந்த நிலையில் தமிழ்நாடு அரசு 2008-ல் ரேஷன் அரிசியைக் கிலோ ஒரு ரூபாய்க்குக் கொடுத்தது, 2011 ஜூனிலிருந்து இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. உலக்கையைச் சாத்தி வைத்த பெண்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்யதை இருக்கிறது? சாமை குறைந்ததற்கு ரோடும் கிழங்கும் மட்டுமா காரணம்? அந்த உலக்கையின் கனத்துக்கும் அதில் பங்கு உண்டு.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்திருக்கிறது. விதையைக் காப்பாற்றுவதோடு அவர்கள் நிற்கவில்லை. உமி நீக்கும் சிறிய இயந்திரங்களைக் கொண்டு வந்து பெண்கள் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். நெல் மில்லில் சாமையைப் போட்டால் ஒன்று நழுவிப்போகும், இல்லாவிட்டால் நொறுங்கிவிடும். இந்த இயந்திரங்களில் ஒரு வகை, நாம் முதல் வருஷம் படித்த மையவிலக்கு விசையில் வேலை செய்கிறது. சுழலும் சக்கரம் தானியத்தைச் சுவரில் வீசும், மோதியதும் உமி உடையும், காற்றடித்து உமியைத் தள்ளிவிடும். வேகம் கூடினால் குருணை, குறைந்தால் உமி போகாது. தானியத்தின் ஈரம் மாறினால் வேகத்தையும் மாற்ற வேண்டும். பரீட்சையில் பத்து மார்க் கேள்விதான். ஆனால் மனிதத் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்கி வைத்த தொழில்நுட்பம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இதிலும் ஒரு புலம்பல் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு ஊருக்கு இப்படி ஒரு மெஷின் வந்தது. கொடுத்தவர் பெயர் இங்கே வேண்டாம். திறப்பு விழா, ஃபோட்டோ எல்லாம் அமர்க்களமாக நடந்தது. ஒரு வருஷத்தில் பெல்ட் அறுந்தது, பிறகு பேரிங் போனது. மெஷினோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. கீழேயிருந்து மெக்கானிக் வர ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் கேட்டார். குழுவிடம் அவ்வளவு பணமில்லை. நான் போய்ப் பார்த்தபோது அதன்மேல் பாய் காய்ந்துகொண்டிருந்தது. "மெசினு வரும் சாமி, நிக்காது" என்றார் அந்தக் குழுத் தலைவி. அது தொழில்நுட்பத்துக்கு எதிரான பேச்சா? இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ் பற்றிய பேச்சு! நம்மில் எத்தனை பேர் ஒரு பொருளை டிசைன் செய்யும்போது 'இது கெட்டால் யார் சரி செய்வார்' என்று யோசிக்கிறோம்?

அடுத்து, ரேஷன் கடை. தமிழ்நாட்டில் 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது, 2020 அக்டோபரில் கைரேகை வைக்கும் முறை வந்தது. வேறு ஊருக்குப் பிழைக்கப் போனவர் அங்கேயே பொருள் வாங்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மண்வெட்டி பிடித்துக் கிழங்கு பிடுங்கிய விரலில் ரேகை தேய்ந்திருக்கும். மெஷின் ஏற்காது. சிக்னல் இல்லையென்றால் வரிசையே நிற்கும். "என் விரலே எனக்குச் சாட்சி சொல்ல மாட்டேங்குதே" என்று ஒரு பாட்டி கேட்டார். திருட்டைத் தடுப்பது நிர்வாகத்தின் வேலை. அந்த வேலையின் சுமை பாட்டியின் விரலில் வந்து நின்றுவிட்டது.

நூறு நாள் வேலையிலும் அப்படித்தான். செல்போன் செயலியில் வருகைப்பதிவு என்று 2021-ல் தொடங்கி, 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுக்க வேண்டியிருந்தது. சமவெளியில் உட்கார்ந்து எழுதிய விதி அது. சிக்னல் கிடைக்காத மலைச் சரிவில் வேலை செய்தவருக்கு, செய்த வேலையை நிரூபிப்பது இன்னொரு வேலை ஆகிவிட்டது.

செல்போனால் பேச்சு நின்றுபோனது என்கிறார்களே, அதில் பதர் கொஞ்சம் அதிகம். அப்படிச் சொல்லும் பெரியவரே சாயங்காலமானால் திருப்பூரில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசிவிட்டுத்தான் படுக்கிறார். மிளகு விலையைக் கீழே நாலு பேரிடம் விசாரித்துவிட்டுச் சோளக்காட்டுச் சந்தைக்குப் போகிறார். ஆனால் 2020-ல் பள்ளிக்கூடம் பூட்டி ஆன்லைன் வகுப்பு வந்தபோது எங்கள் உறவுக்காரர் வீட்டில் ஒரே ஒரு போன்தான் இருந்தது. அது பையன் கைக்குப் போனது. பெண் பிள்ளை காட்டு வேலைக்குப் போனாள். போன் வந்து வீட்டுக்குள் புதிதாக எதையும் செய்யவில்லை. ஏற்கெனவே இருந்த ஓரவஞ்சனையைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே காட்டியது.

இப்படிச் சந்தேகப்படுவது நமக்கு மட்டும் உள்ள குணமல்ல. இங்கிலாந்தில் 1811-ல் நாட்டிங்காம் பக்கத்தில் காலுறை நெய்யும் தொழிலாளர்கள் தறிகளை உடைத்தார்கள். லட்டைட் என்று அவர்களுக்குப் பெயர். இன்றைக்கு அது 'மெஷினைக் கண்டு பயந்தவன்' என்ற கேலிப் பெயராகிவிட்டது. அவர்களே மெஷினில் வேலை செய்து பிழைத்தவர்கள்தான். கூலியைக் குறைத்து மட்டமான சரக்கு செய்த முதலாளிகளின் தறிகளைத்தான் பெரும்பாலும் குறி வைத்தார்கள். தறி உடைத்தால் தூக்கு என்று 1812-ல் சட்டமே வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசினார்.

நம் நாட்டில் வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன. 1983-ல் இரு தரப்பும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, எங்கே எவ்வளவு என்று வரையறுத்த பிறகுதான் இயந்திரமயம் மெல்ல உள்ளே வந்தது. இன்று நமக்கு வரிசை இல்லை, சௌகரியம்தான். ஆனால் ஏ.டி.எம். வாசலில் முன்பின் தெரியாதவரிடம் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்து "தம்பி, ஆயிரம் ரூபா எடுத்துக் குடு" என்று நிற்கும் முதியவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கவுண்டரில் இருந்தவர் செய்த வேலையை இப்போது அவர் செய்ய வேண்டியிருக்கிறது. அவருக்குத் தெரியாத வேலை.

தம்பி தங்கைகளே, இனி உங்கள் கையில் வரப்போவது செயற்கை நுண்ணறிவு. அது உலகத்தை அழிக்குமா, காப்பாற்றுமா என்று மேடையில் ஜோசியம் சொல்ல நான் வரவில்லை. எந்தச் சாதனத்தைச் செய்தாலும், விற்றாலும், மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். இது யார் தோளிலிருந்து சுமையை இறக்குகிறது? இறக்கிய சுமை யார் தலையில் போய் உட்காருகிறது? கெட்டுப்போனால், தப்பான பதில் சொன்னால், சரிசெய்ய அருகில் ஓர் ஆள் உண்டா? டீக்கடையில் புலம்புகிறவர் கேட்பது இந்த மூன்றைத்தான். அவருக்கு நம் பாஷை தெரியாது, அவ்வளவுதான். அவர் பாஷை நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்துக் கடைகளில் சாமை அழகழகான பாக்கெட்டில் விற்கிறது. இங்கே பாய் காயும் மெஷின் அப்படியே நிற்கிறது. நம்மில் மெக்கானிகல், எலக்ட்ரிகல் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். வருஷத்தில் இரண்டு முறை நாலு பேர் கருவிப் பெட்டியோடு மேலே வந்தால் போதும். பெல்ட், பேரிங் அளவுகளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். குழுவிலேயே இரண்டு பெண்களுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக் கொடுக்கலாம். இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்குவதை விட்டுவிட்டு, செம்மேட்டுக் கடையில் கிடைக்கும் உதிரிப் பாகத்தைக் கொண்டே பழுது பார்க்கக்கூடிய, சிங்கிள் ஃபேஸில் ஓடுகிற உமி நீக்கி ஒன்றைச் செய்து காட்டலாம். பேராசிரியர்கள் அதற்கு முழு மார்க் போட வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

முதல் முறை வருகிறவர்களுக்கு வழிகாட்ட நான் இருக்கிறேன். சாப்பாடும் தங்கலும் எங்கள் வீட்டில். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்று மாலைக்குள் செயலாளரிடம் கொடுக்கலாம்.