சாலை ஆய்வாளரின் காடு



கலைக்கல்லூரியின் வாசலை மிதிக்காதவர்கள், கண்காட்சிக் கூடத்தைப் பற்றி எண்ணியும் பாராதவர்கள், தம் மனக்கண்ணில் எழுந்த காட்சிக்கு உருவம் கொடுத்தே தீரவேண்டுமென உழைத்தவர்கள் எங்கும் உண்டு. இவர்தம் ஆக்கங்களைப் பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே 1945இல் 'ஆர் ப்ரூட்' என்றழைத்தார். கச்சாக் கலை எனலாம். 1972இல் திறனாய்வாளர் ராஜர் கார்டினல் தம் ஆங்கில நூலுக்கு 'அவுட்சைடர் ஆர்ட்' என்று தலைப்பிட, அப்பெயரே நிலைத்தது. வெளியாள் கலை! எதற்கு வெளியே என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? சண்டிகர் நேக்சந்தின் வாழ்வை வைத்து அக்கேள்வியை எண்ணிப் பார்க்கலாம்.

1924இல் பிறந்த நேக்சந்தின் சிற்றூர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. 1947இன் பிரிவினையில் ஊரை இழந்து இப்பால் வந்தவர், பின்னர் சண்டிகரில் பொதுப்பணித்துறையின் சாலை ஆய்வாளரானார். லெ கொர்பூசியே திட்டமிட்ட நகரம் அப்போது எழுந்துகொண்டிருந்தது: நேர்கோட்டுத் தெருக்கள், எண்ணிட்ட பகுதிகள். அந்நகரத்துக்கு இடம்விட்டுப் பல கிராமங்கள் மறைந்தன. ஊரிழந்த ஒருவர், ஊரிழந்த பிறரின் இடிபாடுகளுக்கு நடுவே வேலை பார்த்தார்.

1950களின் பிற்பகுதியில், வேலை முடிந்ததும் அவருடைய சைக்கிள் வேறு திசையில் செல்லத் தொடங்கியது. ஆற்றுக் கற்கள், உடைந்த வளையல்கள், பீங்கான் ஓடுகள், கழித்துப்போட்ட குளியலறைச் சாமான்கள் என ஒவ்வொன்றாய்ச் சுமந்து சென்று, சுக்னா ஏரிக்கு அருகில் கட்டடமே கூடாதென ஒதுக்கிய வனத்தில் சேர்த்தார். இரவில் பழைய டயர்களைக் கொளுத்தி, அவ்வெளிச்சத்தில் சிமெண்டு குழைத்தார். ஏறத்தாழ 18 ஆண்டுகள் இது ஊரறியாமல் நடந்தது.

அப்பதுமைகளைத் தனித்தனியே நோக்கினால் சில சாதாரணமானவையே. முகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலிருக்கும். ஆனால் வளையல் துண்டுகளையே ஆடையாய் உடுத்தியவர்களும் குடம் தாங்கியவர்களும் நூற்றுக்கணக்கில் வரிசைகட்டி நிற்கும்போது, திருவிழாவுக்குத் திரண்ட கூட்டமா, எல்லை கடக்கக் காத்திருக்கும் கூட்டமா என்று மனம் தடுமாறுகிறது. நகரிலும் பூங்காக்களிலும் தனிமனிதர்க்குச் சிலை கூடாதென்பது கொர்பூசியே வகுத்த விதி. அந்நகரின் ஓரத்திலேயே பெயரற்றோர் இத்தனை பேர் எழுந்து நின்றார்கள்!

1970களில் அதிகாரிகள் கண்ணில் இவ்விடம் பட்டது. கலையுலகம் இதைக் 'கண்டுபிடிப்பு' என்று கொண்டாடும். நேக்சந்துக்கோ அது அச்சமான வேளை. அரசு நிலத்தில் அரசு ஊழியரே அனுமதியின்றி எழுப்பியதை இடித்துத் தள்ளச் சட்டத்தில் இடமிருந்தது. நல்லுள்ளம் கொண்ட சிலர் துணைநின்றதால் 1976இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. அவருக்குச் சம்பளமும் உதவிக்கு ஆட்களும் கிடைத்தன. 1984இல் பத்மஸ்ரீ வந்தது. பிற்காலப் பகுதிகளில் அருவிகளும் ஊஞ்சல் கட்டிய உயர்ந்த வளைவுகளும் உண்டு. குழந்தைகளுக்கு அவை கொண்டாட்டந்தான். எனினும் தலைகுனிந்து நுழைய வேண்டிய தொடக்கப் பகுதியின் சிறு வாயில்களில் இருக்கும் நெருக்கம் அங்கில்லை. யாரும் பார்க்கப்போவதில்லை என்று செய்ததற்கும், வருவோரை எண்ணிச் செய்ததற்கும் இடையேயான தொலைவு அது. அச்சேறாத கவிதைகளை வீட்டில் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இத்தொலைவு விளங்கும்.

நம் வட்டங்களும் இவ்வகையில் குற்றமற்றவை அல்ல. யாப்பு அறியாதவர், இதழ்களை அறியாதவர் எழுதிக் கொண்டுவந்தால் 'வெள்ளந்தியான முயற்சி' என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுகிறோம். பாராட்டுப்போல் ஒலித்தாலும் அது கதவடைப்பே.

திறந்துவிட்டதனால் அத்தோட்டத்துக்கு ஆபத்து நீங்கிவிடவில்லை. 1996இல் நேக்சந்த் வெளிநாடு சென்றிருந்த வேளையில் பதுமைகள் பல உடைக்கப்பட்டன. 2015 ஜூனில் அவர் மறைந்தார். 2025 மார்ச்சில், பக்கத்திலுள்ள உயர்நீதிமன்றத்துக்குச் செல்லும் சாலையை அகலப்படுத்துவதற்காகத் தோட்டச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. சண்டிகர் மக்கள் அதை எதிர்த்துத் தெருவில் நின்றார்கள்.