சட்டம் ஒழிந்தது, சந்தேகம்?

(திண்டுக்கல் கூட்டத்தில் பேசியது)

வழியில் போகிறவனைப் போலீஸார் நிறுத்தினால் "என்ன செய்தாய்?" என்று கேட்கட்டும், "என்ன ஜாதி?" என்று ஏன் கேட்க வேண்டும்? ரேகைச் சட்டம் இருந்த காலத்தில், பதிவு செய்யப்பட்ட பிரமலைக் கள்ளர் ராதாரிச் சீட்டில்லாமல் வெளியூர் போனாலே குற்றம். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் சுட்டுப் பலர் மாண்டார்கள்.

1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது, சந்தேகம் ஒழியவில்லை. சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யக் கூடாதென்று 2024-லும் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது. அவ்வழக்கைப் போட்டவர் சுகன்யா சாந்தா என்னும் பத்திரிகைக்காரர். சிறையில் நடக்கும் ஜாதிக் கொடுமையை எழுதியதோடு நில்லாமல் கோர்ட்டுக்கும் போனார். போலீஸார் சொன்னதையே அச்சடிக்கும் பத்திரிகைகள் வெட்கப்பட வேண்டாமா?

நாம் மட்டும் யோக்கியர்களா? ஊரில் ஆடு காணாமற் போனால் திருடனைத் தேடுகிறோமா, ஜாதியைத் தேடுகிறோமா? இந்தப் புத்தியை முதலில் ஒழியுங்கள்!